ஐந்நூறாவது தகடு

சேசு மரி சூசை

கல்மண்டபம், இராயபுரம்
5.8.1979

அன்புள்ள மாப்பிள்ளை அருள்நாதனுக்கு,

ஹென்றி எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி. மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். ரோசியும் குழந்தையும் சுகமென்று நம்புகிறேன். என் தங்கையைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போனவன் ஈஸ்டருக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. கோபமாகத்தான் இருந்தேன். இப்போது கோபப்பட வேறு விஷயம் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, எங்கள் திருவொற்றியூர் பட்டறையில் தகடு அடிக்கும் இரண்டாம் நம்பர் பிரஸ் கருணாகரனின் வலது கைமேல் இறங்கிவிட்டது. மூன்று விரல் போயிற்று. உன் கல்யாணத்துக்குக் கூடை நிறைய வஞ்சிரம் கொண்டுவந்தானே, அந்தக் கருணாகரன்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

மே மாதம் உங்கள் கம்பெனியிலிருந்து வந்த புது கன்ட்ரோல் போர்டு போட்ட பிரஸ் அது. கை உள்ளே போனால் முன்னால் இருக்கும் போட்டோ செல் அதைக் கண்டு பிரஸ்ஸை நிறுத்த வேண்டும். அன்றைக்கு நிறுத்தவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு போன ஜீப் கேட்டைத் தாண்டுவதற்குள் மானேஜர் மணல் கொண்டுவரச் சொன்னார். இரத்தத்தின்மேல் மணலைக் கொட்டி, அரை மணியில் வேறு ஆளை அதே ஸ்டூலில் உட்கார வைத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். கைக்குப் பதிலாக ஒரு கட்டையைப் பத்துத் தடவை உள்ளே நீட்டினார். பத்துத் தடவையும் பிரஸ் நின்றது. 'தொழிலாளி மது அருந்தி, போட்டோ செல்லைத் துணியால் மூடிவிட்டு வேலை செய்தான்' என்று அங்கேயே அறிக்கை எழுதி, மானேஜர் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனார். எண்ணெய் வழிந்த விரலாலேயே கையெழுத்தும் போட்டார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த ஆளைக் கண்டாலே அருவருப்பாக இருந்தது.

கருணாகரன் சம்சாரம் மங்கை கேட்டில் வந்து நின்றாள். "ஆடிக்குக் காப்பு கட்டிகினு கீறாருண்ணே. பத்து நாளா கருவாடுகூடத் தொடல. அவரு தண்ணி போட்டாருன்னு எய்திகினாங்களே, இவனுங்க வாயி அழுவிப் பூடாதா?" என்றாள். மதுவிலக்குச் சட்டத்தில் வழக்குப் போடுவோம் என்று வேறு மிரட்டியிருக்கிறார்கள்.

போர்டில் ஓடும் புரோகிராம் நீ எழுதியதென்று ரோசி சொல்லியிருக்கிறாள். எங்காவது கோளாறு இருக்குமா, பார்த்துச் சொல்.

உன் மச்சான்,
ஹென்றி

---

பெங்களூர்
11.8.1979

அன்புள்ள மச்சானுக்கு,

அருள் எழுதிக்கொண்டது. எழுதாதது என் தப்புதான். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, ரோசிக்கும் எனக்கும் தூக்கமில்லை.

கருணாகரனை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்தப் புரோகிராம் பழைய போர்டில் இரண்டு வருஷம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. பழைய சிப் இப்போது வருவதில்லை என்பதால் அதையே புதுச் சிப்புக்கு மாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கட்டளைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே மேஜைமேல் வைத்து ஆயிரம் தடவை சோதித்தோம்.

காலையில் நின்றது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் போட்டோ செல்லிலோ ஒயரிலோ ஏதாவது இருக்கும். அந்தந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு நீயே ஒரு நாள் முழுக்கச் சோதித்துப் பாரேன்.

அன்புடன்,
அருள்

---

சேசு மரி சூசை

கல்மண்டபம்
19.8.1979

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். மெயின்டனன்ஸ் என்று சொல்லி வியாழக்கிழமை இரண்டாம் நம்பரை நானே ஓட்டினேன். ஐம்பது தகடு அடித்து முடிக்கும்போதெல்லாம் சவுக்குக் கட்டை ஒன்றை உள்ளே நீட்டினேன். காலை முழுக்க நின்றது. பதினொன்றே முக்காலுக்கு ஐந்நூறு தகடு ஆனது. ஐந்நூறுக்கு ஒருதடவை கணக்கு அச்சடிக்கும் பக்கத்து மெஷின் 'டக்டக்' என்று தாளை வெளியே தள்ளியது. அடுத்த தடவை கட்டையை நீட்டினேன். பிரஸ் நிற்கவில்லை. கட்டை தும்பு தும்பாகப் போய்விட்டது.

அதன்பிறகு ஒருதடவைகூட நிற்கவில்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன், மறுபடி நின்றது. ஒயர் எல்லாம் சரி. போட்டோ செல்லும் சரி.

நீயே புரிந்துகொள். கருணாகரன் ஐந்நூறு தாண்டித்தான் கையை விட்டிருக்கிறான். இன்ஸ்பெக்டர் காலையில் பத்துத் தகடுகூட அடிக்காமல் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மணி அடித்தால் நானே போய் ஸ்விட்சை அணைத்துப் போடுகிறேன். ஐந்நூறாவது தகடு விழுந்ததும் அணைத்துப் போட நானே பக்கத்தில் நிற்கிறேன். இப்படி எத்தனை நாள்? உடனே எழுது.

ஹென்றி

---

பெங்களூர்
27.8.1979

அன்புள்ள மச்சான்,

கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையது.

இன்டரப்ட் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். சிப் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது 'இதை முதலில் பார்' என்று வெளியிலிருந்து வரும் குரல். கை உள்ளே போனது ஒரு குரல், தகடு விழுந்தது ஒரு குரல். பழைய போர்டில் எல்லாக் குரலுக்கும் ஒரே கதவுதான். அச்சடிக்கும் நேரத்தில் கதவை மூடுவோம், முடிந்ததும் ஒரே கட்டளையில் திறப்போம். புதுச் சிப்பில் வாசல் கதவும் உண்டு, ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனித் தாழ்ப்பாளும் உண்டு. அச்சடிக்கும்போது தகட்டுக் கணக்கு விட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று வாசலைத் திறந்தே வைத்து, கைக்கு உள்ள தாழ்ப்பாளை மட்டும் போட்டேன். முடியும் இடத்தில் பழைய கட்டளையையே விட்டுவிட்டேன். அது வாசலை மட்டும்தான் திறக்கும். கைக்கான தாழ்ப்பாள் அப்படியே கிடக்கும். ஸ்விட்ச் போடும்போதுதான் அது நீங்கும். மேஜைமேல் ஐந்நூறு தகடு நாங்கள் அடித்துப் பார்க்கவே இல்லை.

இரண்டே கட்டளை, மச்சான். சேர்த்துவிட்டேன். பார்சலில் புதுச் சிப் வருகிறது. மாட்டிவிட்டுப் பழையதை எனக்கு அனுப்பிவிடு. டைரக்டரிடம் சொன்னேன். 'மேம்படுத்திய சிப் என்று சொல்லி மாற்றிவிடுங்கள், எழுத்தில் எதுவும் வேண்டாம்' என்கிறார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ரோசிக்கு இன்னும் சொல்லவில்லை. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

அருள்

---

கல்மண்டபம்
16.9.1979

அருளுக்கு,

புதுச் சிப்பை மாட்டிவிட்டேன். ஐந்நூறு தாண்டியும் கட்டையைக் கண்டு பிரஸ் நிற்கிறது. அதற்கு நன்றி.

பழைய சிப்பை அனுப்பமாட்டேன். உன் கடிதத்தையும் கிழிக்கவில்லை.

மேம்படுத்திய சிப்பா? அந்த வார்த்தையைப் படித்ததும் வாய்க்குள் ஏதோ அழுகினாற்போல் இருந்தது. எங்கள் மானேஜர் இரத்தத்தில் மணலைக் கொட்டினார். உன் டைரக்டரும் அதையே செய்கிறார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து வந்த அருவருப்பு என் சொந்த வீட்டு ஆள்மேலும் வருமென்று நான் நினைக்கவில்லை.

கருணாகரனை 'குடிகாரன்' என்று எழுதி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நேற்று குப்பத்தில் போய்ப் பார்த்தேன். இடது கையால் சோறு தின்னப் பழகுகிறான். "நான்தான் கவனிக்காம கைய வுட்டுட்டேன் போலக்கீது ஹென்றி. மிசின எதுக்குத் திட்டணும்?" என்கிறான். தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

யூனியன் வக்கீல் அத்தாவுல்லா லேபர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார். சிப்பையும் உன் கடிதத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன். உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று. அதே போர்டை வேறு எந்தெந்த ஊருக்கு விற்றீர்கள்?

ஹென்றி

---

பெங்களூர்
4.11.1979

ஹென்றிக்கு,

வியாழக்கிழமை விசாரணையில் என்ன நடந்ததென்று அத்தாவுல்லா உன்னிடம் சொல்லியிருப்பார். என் வாயாலும் சொல்லிவிடுகிறேன். 'என் கையெழுத்து இல்லை' என்று சொல்லும்படி கம்பெனி வக்கீல் ரயிலிலேயே பாடம் நடத்திக்கொண்டு வந்தார். அதிகாரி கடிதத்தைக் காட்டிக் கேட்டார். என்னுடையதுதான், எழுதியதெல்லாம் உண்மை என்று சொன்னேன். அந்த இரண்டு கட்டளைகளையும் தாளில் எழுதிக் காட்டினேன். கருணாகரனைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று தெரிகிறது. எனக்கு இங்கே வேலை போய்விட்டது.

லேபர் ஆபீஸ் வராந்தாவில் நீ கருணாகரனோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். உங்கள் முன்னால் வர எனக்கு முகமில்லை. பின்பக்கப் படி வழியாக இறங்கி சென்ட்ரலுக்குப் போய்விட்டேன்.

ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீ அந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. நீ செய்தது நியாயம். ஆனாலும் மச்சானுக்கு என்று நம்பி எழுதியதை அதிகாரியின் மேஜைமேல் பார்த்தது எனக்கு ஆறாது. இனி எனக்கு எழுத வேண்டாம். ரோசிக்கு எழுது, அவள் உன் பக்கம்தான்.

எந்தெந்த ஊர் என்று கேட்டிருந்தாய். நான்கு ஊர். நான்குக்கும் தந்தி அடித்தேன், ஐந்நூறுக்குமேல் அடிக்காதீர்கள் என்று. மூன்று ஊரிலிருந்து சரியென்று பதில் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து நேற்றுக் கடிதம் வந்தது. அங்கே ஜூன் மாதமே ஒரு பெண்ணின் கை போயிருக்கிறது. கவனக்குறைவு என்று எழுதி, அவளை அனுப்பிவிட்டார்களாம்.

கடிதத்தில் அவள் பெயர்கூட இல்லை. நாளைக் காலை பஸ்ஸில் ஓசூர் போகிறேன். கேட்டில் நின்று விசாரித்தால் யாராவது சொல்வார்கள்.

அருள்நாதன்