பச்சைப் புள்ளி

மார்ச் 4, செவ்வாய்
மூன்று மணி நேரம்தான் தூக்கம். வலது பக்கம் திரும்பினால் தோள் சுரீர் என்கிறது, இடது பக்கம் படுத்தால் விரல் மரத்துப்போகிறது. எட்டு மணி நேரம் நின்றபடி கார் ஒயரில் கிளிப்பை அழுத்தினால் வலிக்காமல் என்ன செய்யும்? கம்பெனியில் மூச்சு விடவில்லை. ஜூனில் பர்மனென்ட் லிஸ்ட் போடுகிறார்கள்.

சுகாசினிக்கு மட்டும் தெரியும். எங்கள் ஊர் தென்னேரியிலிருந்து ஒரே கம்பெனி பஸ், லைனில் பக்கத்து இடம். பஸ்ஸில் அவளாகவே என் தோளைப் பிடித்துவிடுவாள்.

மார்ச் 11
தூங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி
வெளியிலிருந்து டாக்டர்கள் வந்து ஃபாரம் கொடுத்தார்கள். தூக்கம் எப்படி, வலி எங்கே. ஒரு மனுஷப் படம், வலிக்கிற இடத்தில் குறி போட வேண்டும். பேர் வேண்டாமாம். “உள்ளத போடுக்கா, ஒக்கார நாற்காலியாவது கெடைக்கும்” என்றாள் சுகாசினி. கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு — போட்டுத் தள்ளினேன். மனசு லேசாக இருந்தது.

மார்ச் 20, வியாழன்
என்னை மாதிரி முட்டாள் உண்டா? கிளிப் போட்டதும் அவரவர் மார்க்கரால் புள்ளி வைப்போம், தப்பு வந்தால் யாருடையது என்று தெரிய. எனக்குப் பச்சை. பேனா தேடச் சோம்பல்பட்டு அதாலேயே படத்திலும் வைத்துத் தொலைத்திருக்கிறேன். டாக்டர்களிடம் போக வேண்டிய ஃபாரமெல்லாம் சூப்பர்வைசர் பூவராகவன் மேசையில்!

“இவ்ளோ வலிய வெச்சிக்கினு எப்படி மரியம்மா வேல பாக்கற?”

“பச்ச மார்க்கர் மூணு லைன்லயும் இருக்குது சார். நான்தான்னு எப்படி?”

“சுகாசினிதான் சொல்லிச்சி.”

மார்ச் 21
பஸ்ஸில் கேட்டேன். “சார் கேட்டாருக்கா. பொய் சொல்ல வரல” என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. நீ எத்தனை குறி போட்டாய் என்றேன். “நான் ஒன்னும் போடலக்கா.”

உனக்கும்தானே மணிக்கட்டு வலிக்குது, அதுக்கு மட்டும் பொய் வந்துச்சாடி? தொட்டுத் தொட்டு இங்கயா அங்கயான்னு கேட்டியே — இதுக்குத்தானா?

ஜூன் 2, திங்கள்
லிஸ்ட்டில் அவள் பேர் இருக்கிறது. எனக்குக் காண்ட்ராக்டும் முடிந்துவிட்டதாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்
காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிறேன். சம்பளம் குறைச்சல்தான். தூக்கம் பரவாயில்லை.

இன்று சுகாசினி போன் செய்தாள். என் இடத்தில் இப்போது அவளைத்தான் போட்டிருக்கிறார்களாம். அழுதாள். “கை மரத்துப் போவுதுக்கா. எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கம் வரல.” பிறகு குரலைத் தணித்து, “யாராண்டயும் சொல்லிடாதக்கா” என்றாள்.

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் மாட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.