வேலியில் நிற்கிற ஒற்றைப் பூவரசு

சேசு மரி சூசை துணை

இராஜாக்கமங்கலம் துறை
20-4-1952

அன்பு மகள் சகாயசெல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கொழும்பில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் கேட்கிறேன். நல்ல சேதி ஏதாவது வந்தால் சேர்த்து எழுதலாம் என்று தள்ளிப் பார்த்தேன், வரவில்லை செல்வி. சாளை படவே இல்லை, உன் அண்ணன் வெறும் வலையோடுதான் கரையேறுகிறான்.

கடல் பக்கத்து வேலியில் மூடில்லாத்தாளி ஏறிவிட்டது. மண்ணில் வேர் இல்லாமல் மஞ்சள் நூலாகச் சுற்றி, செடியின் சாற்றைக் குடித்தே வளருமே, அதுதான். உன் மைனி அன்னக்கிளி தலைக்குத் தேய்க்க மணல்மேட்டிலிருந்து பிடுங்கி வந்து, தேய்த்தது போக மிச்சத்தை வேலியில் எறிந்திருக்கிறாள், காய்ந்துபோகும் என்று நினைத்தாளாம். அதற்கு ஒரு துண்டு போதும், பச்சைக் கம்பைத் தொட்டால் பிடித்துக்கொள்ளும். தென்னை நிழல் விழுகிற கிழக்கு வேலியில் அது தலையெடுக்கவில்லை. நம் பக்கம்தான் வெறும் மணலும் வெயிலும், அதற்கு வேறென்ன வேண்டும், மாசி கழிவதற்குள் வேலி முழுக்கப் போர்த்திவிட்டது. அறுத்தால் அறுத்த இடத்திலிருந்தே கிளம்புகிறது. அன்னக்கிளியை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன், பாவம், அழுதாள்.

பக்கத்து வீட்டு சூசை மாமா தெருக்காரர்களைக் கூட்டிவந்து, வேலியையே வெட்டிக் கொளுத்தினால்தான் ஒழியும், இல்லாவிட்டால் எல்லார் வேலியும் போகும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வேலியில் என்ன நிற்கிறது என்று உனக்குத் தெரியும். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுமுன்னே போன உன் பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றபோது, உன் அப்பா துண்டில் பொதிந்து கொண்டுபோய் அங்கேதான் வைத்து, மேலே ஒரு பூவரசங்கம்பை ஊன்றினார். கப்பலுக்குக் கிளம்பிய அன்று நீ கட்டிப்பிடித்து நின்றாயே, அந்தப் பூவரசு. அப்பா வெட்டுக்கத்திக்குக் குறுக்கே போய் நின்று, "எல்லாத்தையும் வெட்டுங்க, இந்த ஒரு மரத்தைத் தொடாண்டாம்" என்றார். சூசை மாமா, "ஒத்த மூட்டுக்காக ஊரு வேலி அழியணுமா வே?" என்று சத்தம் போட்டார். அப்பா மரத்தை விட்டு நகரவில்லை. கடைசியில், ஒரு நூல் மறுபடி கண்ணில் பட்டாலும் இதையும் வெட்டுவோம் என்று சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் எரித்தார்கள். இப்போது வெறும் மணலில் அது ஒன்றுதான் நிற்கிறது.

அன்று முதல் அப்பா விடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து கிளை கிளையாகத் தடவுகிறார். கண்ணில் புரை முற்றிவிட்டது, நூல் தெரியாது, விரலால்தான் தேடுகிறார். வெயில் படாவிட்டால் கொடி வராது என்று தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தும் பார்த்தார், பூவரசும் சேர்ந்து வெளிறவே அவிழ்த்துவிட்டார். அவர் கஞ்சி குடிக்க வந்தபிறகு நான் போய்ப் பார்க்கிறேன். நேற்று உள்கிளையில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. பிய்த்து அடுப்பில் போட்டேன், அவரிடம் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது செல்வி, எத்தனை நாளைக்கு இப்படிக் காக்க முடியும். வந்து பார்த்துப் போ என்று எழுதவும் மனம் வரவில்லை, பெர்மிட் கிடைப்பது பெரும்பாடு என்று எழுதியிருந்தாய். நீ வருகிறபோது அடையாளம் இல்லாமல் போகலாம், அதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். அழுதுவிட்டுச் சாப்பிடு, பட்டினி கிடக்காதே. ஈரத் தலையோடு படுக்காதே.

தடவும்போது அப்பா மெதுவாகப் பேசுகிறார். "மக்கா, கொஞ்சம் அசையாம இரி" என்று சொன்னது ஒரு நாள் என் காதில் விழுந்தது. கூப்பிடப் பெயர் இல்லை, அதனால் மக்கா என்கிறார். உன்னையும் மருமகனையும் மாதா கைவிடாமல் காப்பாள், அப்பாவும் நானும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு நீ மனசில் ஒரு பெயர் நினைத்திருப்பாய். மறக்காமல் எழுது, அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

உன்னைப் பெற்ற
அம்மா