எக்ஸ்எல் சட்டைக்கு வேறு ஆள்

அருள்புரம்

அன்பு மாரிக்கனி,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதிலிருந்து மெஸ் பரோட்டாவை விட்டுவிட்டேன். ஓவர்டைம் இருந்தாலும் கம்பஞ்சோறும் கொள்ளுத் துவையலும் நானே செய்து எடுத்துப்போகிறேன்.

கம்பெனியில் எக்ஸ்எல் சாம்பிளை எனக்குப் போட்டுத்தான் அளவு பார்ப்பார்கள் அல்லவா? நேற்றுப் போட்ட சட்டை தொளதொளவென்று தொங்கியது. அளவு தப்பென்று கட்டிங் மாஸ்டர் பேட்டர்ன் அட்டையையே வெட்டிக் குறைக்கப் போனார். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தரணி டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "சட்டை சரியாத்தானுங்க இருக்குது. அண்ணந்தான் சுருங்கிட்டாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இனி எக்ஸ்எல்லுக்கு வேறு ஆள், எனக்கு எல்.

கொள்ளு தீர்ந்துவிட்டது. உன் கையால் வறுத்து அனுப்பு.

பொங்கல் சட்டைக்கு அளவு கேட்டிருந்தாய். இப்போது எடுக்காதே. நான் வந்த பிறகு நீயே பார்த்து எடு.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

சுடலைமுத்து