மழை நாளில் இறைத்த தண்ணீர்

அன்புள்ள செல்வியின் அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. இன்று உயர்த்தப் போகிறேன். ஊரே கேட்டாலும் கேட்கட்டும்.

நேற்று ரெட்டியபட்டியில் அடைமழை. நம் பருத்திக் காட்டில் தண்ணீர் நிற்கிறது. அந்த மழையில் உங்கள் மகள் வாளியோடு கிணற்றடிக்குப் போகிறாள், செடிக்கு ஊற்ற. "அப்பா ஒருநாளும் செடியப் பட்டினி போட்டதில்லம்மா" என்கிறாள். வாளியைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு அடியும் வைத்தேன். இதை அவளுக்குப் பழக்கியது யார்?

சித்திரையில் காலையும் மாலையும் நீங்கள் ஊற்றியதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெயிலில் வீட்டு முருங்கையும் எலுமிச்சையும் பிழைத்தது உங்கள் கையால்தான். கார்த்திகைக்கும் அதே தண்ணீரா? முருங்கை பூவையெல்லாம் உதிர்த்தது. எலுமிச்சை வேர் அழுகி மஞ்சளடித்தது. மண்ணைத் தொட்டுப் பாருங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னேன்?

போன ஐப்பசியில், அந்தச் சாயங்காலமும் சொன்னேன். "ரேடியோவுலயே பெருமழைன்னு சொல்லிட்டாக. தூத்தலும் விழுந்துருச்சு. இன்னைக்கு ஒருநா விடுங்களேன்."

"நம்ம பக்கத்து மழைய நம்பச் சொல்றியா? வெதச்ச பெறகு எத்தன தடவ ஏமாத்திருக்கு. ஊத்திட்டு வாரேன்."

வந்தீர்களா? கிணற்றடி ஈரக் கல்லில் கால் வழுக்கி, துவைக்கிற கல்லில் மண்டை மோதி, திருச்சுழி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மழை விடிய விடியக் கொட்டியது.

துக்கம் கேட்க வந்தவர்கள், "செடி மேல அவுகளுக்கு என்ன பாசம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மேல் பாசம் இல்லையா? மழையை நம்ப வேண்டாம், என்னை நம்பியிருக்கலாமே.

இந்த ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை. எலுமிச்சை துளிர்விட்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வருகிறது.

செல்வி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வெயில் காலம் வரட்டும், வாளியை நானே அவள் கையில் கொடுக்கிறேன். உங்கள் செடி ஒன்றையும் காயவிட மாட்டோம். ஆனால் மழை விழுகிற நாளில் அவளைக் கிணற்றடிக்கு விட மாட்டேன். கதவைப் பூட்டியாவது வைப்பேன். ஆயுசுக்கும் என்னை வெறுத்தாலும் சரி, அவள் உயிரோடு இருந்து வெறுக்கட்டும்.

கோபம் ஆறாத,
உங்கள் செல்வியின் அம்மா