நான் ஏறிப் பார்க்காத மொட்டைமாடி

கொசுறு,

மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்றைக்குத் தோன்றியது, அதனால் எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்டுத் தாளை வீணாக்கப் போவதில்லை. நீ சௌக்கியம் என்பது ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது அடுத்த அறைவரைக்கும் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து நான் பேப்பர் படிப்பேன் என்று உனக்குத் தெரியும், ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படிப்பேன் என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். நாங்களும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது வீட்டிலுள்ள தூசியெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்று என்னைப் போட்டு வாட்டுகிறாள். என் முழங்கால் படி ஏறும்போது கடக்கென்று சத்தம் போடுகிறது, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், அவர் எடையைப் பார்த்துவிட்டு நான் பதில் பேசாமல் வந்துவிட்டேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் நடுவில் நான் கத்திவிடுவேன். காகிதத்தில் கத்த முடியாது, அடித்துவிட்டு வேறு எழுதலாம்.

நீ அனுப்பிய பெட்டி வந்து ஆறு மாதம் ஆகிறது. அப்பாவுக்குத்தான் அனுப்பியிருக்கா, கேமரா வச்ச ட்ரோனாம் என்று அம்மா நீட்டியபோது, எனக்கெதுக்கு இந்த வயசுல பொம்மை என்று சொல்லி பீரோ மேலே வைத்துவிட்டேன். ஒரு சீட்டாவது எழுதி உள்ளே வைத்திருப்பாய் என்று அன்றைக்கே, அம்மா குளிக்கப் போனபோது, பிரித்துப் பார்த்தேன். இல்லை. மறுபடி ஒட்டி மேலே வைத்தேன். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. அப்புறம் எப்படி இறங்கியது என்றால், உன்மேல் உள்ள பாசத்தால் என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மை அது இல்லை. எங்கள் அளவைத் துறை அலுவலகத்துக்கு நிலம் அளக்க ட்ரோன் வாங்கினார்கள். பயிற்சிக்கு ஒரு ஆள் போக வேண்டும். முப்பது வருடம் இந்த ஊரின் ஒவ்வொரு சந்துபொந்தையும் கையால் வரைந்தவன் நான். அனுப்பியது யாரை என்றால், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாத, அறைக்குள்ளேயும் கூலிங்கிளாஸைக் கழற்றாத ஒரு பையனை. அதிகாரியிடம் போய்க் கேட்டேன். நமக்கெல்லாம் வயசாயிடுச்சு சார், வெயில்ல நிக்க முடியுமா சொல்லுங்க என்று தோளில் தட்டினார். இந்த அதிகாரி யார் தெரியுமா, ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து மேஜை, என் பென்சிலைக் கேட்டு வாங்கி எழுதியவர், பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏறி உட்கார்ந்தவர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலி போட்டுப் பெட்டியை இறக்கினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பொம்மைன்னீங்க என்றாள், அவ்வளவுதான்.

அதோடு வந்த கையேட்டை இரண்டு தடவை படித்தேன், பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. கைகால்களை மடக்கிக்கொண்டு தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தது அந்தச் சாமான், ஒவ்வொரு கையாக விரித்தபோது உடைத்துவிடுவேனோ என்று பயம். பேட்டரிக்கு முழுசாக மின்சாரம் ஏற்றி, போனில் அதற்குரிய செயலியை இறக்கி, பதிவு செய்ய வேண்டியதை எல்லாம் முறைப்படி பதிவு செய்து (நான் எதையும் முறைப்படிதான் செய்வேன், அதனால்தான் இப்படி இருக்கிறேன்), ஒரு சனிக்கிழமை காலை பழைய குடியிருப்புக்குப் பின்னால் உள்ள விளையாட்டு மைதானத்துக்குப் போனோம். அம்மாவும் கூடவே வந்தாள், குடையோடு. திசைகாட்டியைச் சரிசெய்ய ட்ரோனைக் கையில் படுக்கவைத்து ஒரு சுற்று, நிமிர்த்தி ஒரு சுற்று சுற்ற வேண்டும். நான் அதை ஏந்திக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றுவதைப் பார்த்து நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மாள் நின்றுவிட்டார். ஒண்ணுமில்லீங்க, டாக்டர் சொல்லியிருக்கார் என்று உன் அம்மா அவரிடம் விளக்கம் கொடுத்தாள். முதல் தடவை கிளப்பியபோது மேலே போகாமல் தவளை மாதிரி மல்லாந்து விழுந்தது. இறக்கைகளில் இரண்டு ஜாதி உண்டு, கோடு போட்டது கோடு போட்ட கையில்தான் மாட்ட வேண்டும், நான் கோடு போட்டுப் படித்த பக்கத்திலேயே அது இருந்தது. மாற்றி மாட்டினேன். இரண்டாம் தடவை ஆள் உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றது. கையிலிருந்த இயக்கும் கருவியின் குச்சிகளிலிருந்து விரலை எடுத்த பிறகும் காற்றில் நின்றது. சொன்ன இடத்துல சொன்னபடி நிக்கிற ஒண்ணை இப்பத்தான் பாக்கிறேன் என்றேன். ஏன், நான் இருபத்தொம்பது வருஷமா நிக்கலையா என்றாள்.

அடுத்தடுத்து ஐந்து சனிக்கிழமை போனோம். கற்றுக்குட்டிக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், அதில் போட்டால் வேகமும் போகாது, தூரமும் போகாது. அதிலேயே சதுரமாகப் பறக்கவிட்டுப் பழகினேன். முகம் அந்தப் பக்கம் இருக்கும்வரை சுலபம், நம்மைப் பார்த்துத் திரும்பியதும் இடது வலதாகிறது, வலது இடதாகிறது, மூளை குழம்பிவிடுகிறது. ஐந்தாவது சனிக்கிழமை கற்றுக்குட்டி முறையை எடுத்துவிட்டேன். ஏன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடுதான் நாம் எட்டு வருடம் குடியிருந்த வீடு. வெளிப்புறமாக ஏறும் படிக்கட்டு, மாடியில் இரண்டே அறை, குளியலறைக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாது, நீ பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பாய், பாட்டு நிற்காதவரை யாரும் கதவைத் தள்ளக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். வரைபலகையை நான் ஜன்னலோரம் சாய்த்து வைத்திருப்பேன், நீ அதன் அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய், அவ்வப்போது உன் கை மட்டும் மேலே வந்து என் அழிரப்பரை எடுத்துக்கொண்டு போகும். நாங்கள் இரண்டு பேர் எங்கே கிளம்பினாலும் மூன்றாவதாக ஒட்டிக்கொள்வாய், கொசுறு என்று அப்போதுதான் கூப்பிட ஆரம்பித்தேன். ஜன்னல் கம்பிக்கு அடிக்க வாங்கிய நீலப் பெயின்ட் பாதி டப்பா மீந்திருந்தது. அந்த நாளும் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பதினோரு வயது.

அன்றைக்குத்தான் பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். நான் வீடு வந்து சேரும்போதே கொதித்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே வீட்டுக்காரர், வாயைத் திறந்தால் சட்டம் பேசுவாரே அவர், உங்க பொண்ணு மொட்டைமாடி பூரா பெயின்ட்டை ஊத்தி வச்சிருக்கா, ஒப்பந்தத்துல அப்படி எங்க இருக்கு, வந்து பாருங்க என்று பிடித்துக்கொண்டார். நீ மேலே கைப்பிடிச் சுவரில் எக்கி நின்று கூப்பிட்டாய். அப்பா மேல வாப்பா, நீதான் முதல்ல பாக்கணும், அம்மாகிட்டகூட இன்னும் காட்டலை என்றாய். கை முழுக்க நீலம். நான் ஏறவில்லை. படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, இறங்குடி கீழ, இறங்கு என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அப்புறம் உன்னிடம் மண்ணெண்ணெயும் துணியும் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். நீ இருட்டும்வரை துடைத்தாய், ஓரம்தான் போயிற்று என்று அம்மா சொன்னாள். அதன் பிறகு இரண்டு வருடம் அங்கே இருந்தோம், நான் ஒரு நாளும் மொட்டைமாடிக்குப் போகவில்லை. முதலில் கோபம், அப்புறம் வெட்கம், அப்புறம் பழக்கம்.

அதைப் பார்க்கத்தான் பறக்கவிட்டேன். அடுத்தவர் மாடியை எட்டிப் பார்ப்பது முறையில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டிருக்கலாம், ஆனால் அட்வான்ஸ் பேச்சில் அவரோடு உறவு முறிந்து பதினான்கு வருடம் ஆகிறது, இப்போது போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை. ஒரே நிமிடம்தான் என்று முடிவு செய்துகொண்டு சுவரைத் தாண்டவிட்டேன். போன் திரையில் நம் தெரு வந்தது. நான் எத்தனையோ தடவை கோடாக வரைந்த தெரு, அன்றைக்குக் கொடியில் துணியோடும் தண்ணீர்த் தொட்டிகளோடும் வந்தது, சைக்கிள் கடை முனையில் அது லேசாக வளைவதை நான் சரியாகத்தான் வரைந்திருக்கிறேன் என்று அந்த நேரத்திலும் ஒரு திருப்தி. அப்புறம் நம் வீடு. நீலமாகத் தெரிந்தது. கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். நீலத் தகரம். மாடி முழுவதையும் அடைத்துக் கொட்டகை போட்டிருக்கிறார்கள், கைப்பிடிச் சுவர்கூடத் தெரியவில்லை. அதற்குள் பேட்டரி குறைகிறது என்று போன் கூவ ஆரம்பித்தது, திருப்பினேன், அது என் முகத்தைப் பார்த்து வந்தது, இடது வலதைக் கோட்டைவிட்டேன், நேரே போய்க் கால்பந்துக் கம்பத்து வலையில் மாட்டிக்கொண்டது. கோல் என்று கைதட்டினாள் உன் அம்மா. ஒரு இறக்கை முறிந்ததைத் தவிரப் பெரிய சேதம் இல்லை, உபரி இறக்கை பெட்டியிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து, தெருவையாவது மறுபடி பார்க்கலாம் என்று படத்தைப் போட்டால், தெருவே இல்லை. பதிவுப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறு தடவை அழுத்தினால் நிற்கும். நான் தரையில் வைத்திருக்கும்போதே தெரியாமல் அழுத்தியிருக்கிறேன், மேலே போய் ஓட வைப்பதாக நினைத்து நிறுத்தியிருக்கிறேன், திரும்பும்போது நிறுத்துவதாக நினைத்து ஓட வைத்திருக்கிறேன். ஆகவே ஊர் முழுவதையும் விட்டுவிட்டு என்னை மட்டும் படம் பிடித்திருக்கிறது. முதலில் என் செருப்பு, என் வழுக்கை, அம்மாவின் குடை, எல்லாம் சின்னதாகிக்கொண்டே போகிறது. உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆபரேஷன் செய்த கண், துடைக்காதே என்றேன். அடுத்தது அது திரும்பி வருகிற பகுதி. கீழே ஒரு ஆள் அண்ணாந்து நிற்கிறான். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, ஒரு கையை ஓங்கி விரலை நீட்டி மேலே பார்த்துக் கத்துகிறான். சத்தம் பதிவாவதில்லை, ஆனால் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியும். இறங்கு, கீழ இறங்கு என்று அந்தச் சாமானைப் பார்த்துக் கத்தினேன். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நான் அதை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். மேலே இருந்து பார்த்தால் நான் அப்படித்தான் இருப்பேன் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. கை நிறைய நீலத்தோடு நின்ற உனக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அவ என்னதான் வரைஞ்சா என்று அன்று அம்மாவிடம் கேட்டேன். துணி காயப்போடப் போனவள், பார்த்திருப்பாள். கேக்கத் தோண பதினாறு வருஷம் ஆச்சா, அது அவ உங்களுக்குக் காட்ட வச்சிருந்தது, நான் சொல்ல மாட்டேன் என்றாள். எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை, அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும், உனக்கு அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். நான் உன்மேல் வைத்திருக்கிற குறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். நீ வெளிநாடு போவது அம்மாவுக்குத் தெரிந்து, அத்தைக்குத் தெரிந்து, எதிர்வீட்டுத் தையல்காரருக்குத் தெரிந்து, விசாவும் குத்திய பிறகு எனக்குத் தெரிந்தது. அதனால்தான் வழியனுப்ப வரவில்லை. ரகசியமாக வந்து தூண் மறைவில் நின்றேன் என்றெல்லாம் சொல்லி இப்போது நல்ல பேர் வாங்கமாட்டேன், ஆபீஸில்தான் இருந்தேன், அன்று ஒரு கோடுகூடப் போடவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. ஒரு காலத்தில் நான்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நீ ஒன்றை வைத்துக்கொண்டு கூப்பிட்டாய், நான் பதினெட்டுப் படி ஏறவில்லை. அதன் பிறகு எல்லாவற்றையும் எனக்குக் கடைசியில் காட்டினாய் என்றால், அந்த வரிசையை ஆரம்பித்து வைத்தது நான்.

அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடக் கேட்கிறார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதும் அடுத்த அறைவரை கேட்டது. இரு என்றோ வா என்றோ நான் சொல்லப்போவதில்லை. எதை முடிவு செய்தாலும் என்னிடம் முதலில் சொல். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று அம்மாவின் முறை. சனிக்கிழமை காலையில் என் போனுக்கே கூப்பிடு, மைதானத்தில் இருப்பேன், வாயைத் திறக்காமல் முழுவதும் கேட்பேன். கத்தினால் வைத்துவிடு. கூடவே, அந்த மாடியில் என்ன வரைந்தாய் என்பதையும் சொல்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொண்டு போ, சாப்பாட்டு நேரத்தை மீட்டிங் தின்னவிடாதே. உன் பழைய கண்ணாடிச் சீட்டை அம்மா தேடி எடுத்துவிட்டாள், பவர் மாறியிருக்கும், அங்கேயே ஒரு தடவை கண்ணைச் சோதித்துக்கொள், மறந்துவிடாதே. உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், பேசாமலிருந்த மூன்று வருடத்திலும் இதை நினைக்காமல் நான் படுத்ததில்லை. இப்படிக்கு என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெயரைப் போட்டால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கிறது. இன்னொன்றைப் போடலாம், ஆனால் நீ என்னை அப்படிக் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது, நானாக எடுத்துப் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. அதை அடித்துவிட்டேன். சனிக்கிழமை நான் போனை எடுத்ததும் நீ என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய் என்று பார்க்கிறேன். இப்போது கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.