ஆற்றோர மோட்டாரும் உங்கள் பட்டப்பேரும்

இன்று காலை மகள் வீட்டு மின்விசிறி, சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அப்படியே நின்றது. கொழும்பு வெக்கையில் விசிறி நின்றால் இங்குள்ளவர்களுக்கு உயிரே போய்விடும். மகள் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்ப ஓடினாள். நான் கட்டில்மேல் ஏறி நின்று, குடைக் காம்பால் ஒரு இறக்கையைத் தள்ளிவிட்டேன். சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தது. இந்த வயதில் கட்டில்மேல் ஏறியதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

வந்த மெக்கானிக்கிடம், "கண்டன்சர் போயிருக்கும் தம்பி, அத மொதல்ல பாருங்க" என்றேன். ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்து, "அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் பம்புக்காரராக இருந்தவர் என்று மட்டும் சொன்னேன். மீதியை அந்தப் பம்புக்காரரான உங்களிடம்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், கடைசிப் பகுதியைத் தவிர. அது நீங்கள் போன பிறகு நடந்தது.

தலவாக்கலை பஸ்ஸை விட்டு இறங்கி நம் தோட்டத்துக்கு நடந்தால் முதலில் கேட்பது அந்தப் பம்புச் சத்தம். ஆற்றோரம் தகரக் கூரை போட்ட சின்ன அறை. அங்கிருந்து தண்ணீர் மேட்டுத் தொட்டிக்கு ஏறி, தோட்டத்தை நடத்தும் பெரியதுரையின் பங்களாவுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் போகும். நாம் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு வராது, நமக்கு ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீர்தான். இருந்தாலும் அந்த மோட்டாரை நீங்கள் துடைத்துத் துடைத்து வைத்த அழகு இருக்கிறதே! அதில் பாதி கவனிப்பு எனக்குக் கிடைத்திருந்தால் இன்னும் இரண்டு சுற்றுப் பெருத்திருப்பேன்.

ஒரு சாயங்காலம் நான் ரொட்டி மாவுக்குக் குரக்கன் தானியம் திரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து திருகைப் பிடியில் கை வைத்தீர்கள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே கோட்டுல தள்ளி இழுத்தா கல்லு சுத்துமா புள்ள? முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டு நிக்கும். வேற பக்கத்துலேர்ந்து ஒருத்தர் கொஞ்சம் முந்தித் தள்ளுனாத்தான் வட்டம் வரும். கண்டன்சரு செய்யிறது அதான்."

தேயிலை ஃபேக்டரிக்கு மூன்று கம்பி போகிறது, அங்குள்ள மோட்டார்கள் தாமாகவே கிளம்பிவிடும். ஆற்றுக்குப் போவது இரண்டே கம்பி, அந்தக் கரண்டு முன்னும் பின்னும்தான் தள்ளும் என்றீர்கள். அதனால் உள்ளே இன்னொரு சுருள் வைத்து, கண்டன்சர் வழியாக அதற்குக் கொஞ்சம் முந்திக் கரண்டு அனுப்புகிறார்களாம். மோட்டாரின் முதுகில் பால் டின் மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தச் சாமானுக்கு இவ்வளவு வேலையா என்று எனக்கு ஆச்சரியம்.

"ஓடுறப்பயும் அது தள்ளிக்கிட்டே இருக்குமா?"

"இல்ல. வேகம் புடிச்சதும் உள்ளார ஒரு சுவிட்சு 'டக்'குனு அத வெட்டி விட்டுரும். பெறகு மோட்டாரு தானா ஓடிரும்."

விசிறியில் அப்படி இல்லையாம். அதிலுள்ள கண்டன்சர் ஓடி முடிகிற வரைக்கும் கூடவே இருந்து வேலை செய்யுமாம், மெக்கானிக் சொன்னார். நீங்கள் இருந்திருந்தால் கேள்வி கேட்டே அவரை ஏணியை விட்டு இறங்க விட்டிருக்க மாட்டீர்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் பம்பின் கண்டன்சர் கருகிப் போனது. புதுசு கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் சுவிட்சைப் போட்டு, மோட்டார் முனகும்போதே கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு பெல்ட் சக்கரத்தை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு ஒதுங்குவீர்கள். ஆபத்தான வேலை. உங்களைத் தவிர யாரும் அந்த அறைக்குள் காலை வைக்கக் கூடாது என்பது துரையின் உத்தரவு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகிற வழியில் நான் தேத்தண்ணி கொண்டுவந்து வாசலில் நின்று பார்ப்பேன். நீங்கள் சக்கரத்துக்கு அந்தப்புறம் நின்று, உங்கள் நெஞ்சுப் பக்கமாக இழுப்பீர்கள்.

அந்தக் காலையில் உங்களுக்குக் காய்ச்சல். எழுந்து இரண்டு அடி வைத்து, நம் ஒற்றை அறைக் காம்பராவின் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டீர்கள். தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் வேலை போகும், வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும், கைப்பிள்ளையோடு எங்கே போய் நிற்பது? சாவியை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். நீங்கள் வேண்டாம் என்று கத்தியது காதில் விழுந்தது. விழாத மாதிரி ஓடினேன்.

சுவிட்சைப் போட்டேன். முனகியது. நீங்கள் செய்த மாதிரியே சக்கரத்தை என் நெஞ்சுப் பக்கமாக இழுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, என்ன ஓட்டம்! பெருமையோடு கதவைச் சாத்திவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விட்டேன். நான் நின்றது வாசல் பக்கம், நீங்கள் நிற்பது அந்தப் பக்கம். என் நெஞ்சுப் பக்கம் இழுத்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று அந்த அவசரத்தில் தோன்றவே இல்லை. கண்டன்சர் நன்றாக இருந்திருந்தால் மோட்டார் தன் வழியில்தான் கிளம்பியிருக்கும். அது இல்லாத மோட்டாருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. துரை முகத்தில் சோப்பு நுரையோடு குழாயைத் திருகித் திருகிப் பார்த்தாராம். பம்பு சூடேறிக் கருகிய வாசம் மலைக்கு மேலே நாங்கள் நின்ற இடம் வரைக்கும் வந்தது. நான் கூடையோடு இறங்கி ஓடி வந்தபோது, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா நம் காம்பரா வாசலில் நின்று, சக்கரத்தைத் திருப்பிச் சுற்றியது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நிற்க முடியாமல் நின்றீர்கள்.

"நாந்தாங்க போட்டேன். காய்ச்சல் மயக்கத்துல திருப்பிச் சுத்திப்புட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவர் போன பிறகு, உங்கள் காய்ச்சலையும் பாராமல் சண்டை போட்டேன். "எனக்காக ஒங்கள யாரு பொய் சொல்லச் சொன்னா?"

"நீ உள்ள போனது தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெரட்டிருவாங்க. பேசாம இரு. இத யாருக்கும் சொல்ல மாட்டேன்னு புள்ளையத் தொட்டுச் சொல்லு."

சொன்னேன். உங்களை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பம்பை விட்டு எடுத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரமே புதுக் கண்டன்சர் வந்து சேர்ந்தது. வேறு ஒருவர் போய் சுவிட்சைத் தட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. மோட்டார் கிளம்பும்போது நீங்கள் கத்தியோடு பாதையிலேயே நிற்பீர்கள், அந்த 'டக்' சத்தம் கேட்ட பிறகுதான் மலையேறுவீர்கள்.

கொழுந்து லொறி டிரைவர்தான் 'ரிவர்ஸ்' என்று பேர் வைத்தார். ரிவர்ஸ் அண்ணே, ரிவர்ஸ் மாமா. தோட்டத்திலேயே மோட்டாரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது வேறு எவருக்குத் தெரியும்? நீங்கள் சிரித்துக்கொண்டே "என்னப்பா" என்று திரும்புவீர்கள். அந்தத் துரை சீமைக்குத் திரும்பிப் போன அன்றைக்குக் கேட்டேன், இனிமேலாவது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று.

"விடு புள்ள. இப்பச் சொன்னா ஒன்னப் பாத்துல்ல சிரிப்பாங்க. எனக்குப் பழகிப்போச்சு."

அந்தப் பேரோடே மொத்தம் பத்து வருஷம் போனது. பிறகு நெஞ்சு வலி வந்து ஒரே நாளில் போய்விட்டீர்கள்.

இதுதான் உங்களுக்குத் தெரியாத பகுதி. உங்களைக் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில் பெண்களோடு அழுதுகொண்டிருந்தேன். லொறி டிரைவர் மாலை போட்டுவிட்டு, நல்ல மனதோடுதான் சொன்னார்: "ரிவர்ஸ் அண்ணே மாதிரி மனுசன் கெடைக்க மாட்டாரு. வேலையில ஒரே ஒரு தடவதான் தப்புப் பண்ணாரு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அது அவரு இல்ல. நாந்தான் சுத்துனேன்" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. எழுந்து நின்று, நீங்கள் எந்தப் பக்கம் நின்று இழுப்பீர்கள், நான் எந்தப் பக்கம் நின்று இழுத்தேன் என்று கையால் செய்து காட்டினேன். துரை முகத்து நுரையையும் விடவில்லை. டிரைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் பெண்கள். அப்புறம் நானும். சாவு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பும் அழுகையும் நான் கண்டதில்லை. கடைசியில் டிரைவர் உங்கள் காலைத் தொட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றார். பம்புக்காரராகத்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நீங்கள் பயந்தபடியேதான் நடந்தது. அன்றிலிருந்து சிரிப்பெல்லாம் எனக்குத்தான். இன்றைக்கும் தோட்டத்தில் போய் இறங்கினால், "ரிவர்ஸ் பாட்டி வருது" என்கிறார்கள். திரும்பிப் பார்த்து "என்னடா" என்கிறேன்.

வாக்கை மீறினேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். பத்து வருஷமாக நீங்கள் வைத்திருந்தது என்னுடைய பேர். வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.