முழு அளவில் நாற்பது படம்

ஜூலை 7, திங்கள்

கச்சான், மேற்கிலிருந்து மண்ணோடு வருகிற காற்று. ஸ்டுடியோ வாசலில் கூட்டித் தள்ளிய மண் பத்து நிமிடத்தில் மறுபடி உள்ளே. லென்ஸ் துடைத்தே காலை போயிற்று.

செய்ய வேண்டியவை:
– ஜெசி கவுன், கை இறுக்கம், டெய்லரிடம் மறுபடி (புதுநன்மை, பிள்ளை முதல் தடவை நற்கருணை வாங்குவது, 20ஆம் தேதி ஞாயிறு)
– மெழுகுவத்தி, தலைக்கு வெள்ளை நெட்டு, காலுறை
– சிலிண்டர்
– வெப்சைட்டுக்கு நாற்பது படம்

நாற்பதும் தேர்ந்தெடுத்தாயிற்று. கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லை. கடல், உப்பளம், திரேஸ்புரத்துப் படகுகள், சங்கு குளிப்பவர்கள். போன மாதம் இங்கே ஒரு விழாவுக்குப் படம் எடுக்க மதுரையிலிருந்து ஆள் வந்தான். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, “அவருக்கு வெப்சைட் இருக்கு மேடம்” என்றான் ஏற்பாட்டுக்காரன். பதினைந்து வருடமாக எனக்குக் கண் இருக்கிறது, அது போதாதாம். சரி, வெப்சைட்தானே.

காலையில் செல்வின் பேசினார். பிரேசிலிலிருந்து சீனாவுக்குக் கப்பல் கிளம்புகிறது. இனி நாற்பது நாள் கரை கிடையாது. பழைய கப்பல், ஆளுக்கு மாதம் ஒரு நெட் கார்டு, அவ்வளவுதான். இந்த மாதக் கார்டை மெசேஜுக்கு மட்டும் தொட்டுக்கொள்வாராம். “புதுநன்மை அன்னைக்கு வீடியோல வாரேன் பிள்ள. கோயில்ல ஏறுததுல இருந்து வீட்டுல சாப்புடுத வரைக்கும் அப்பா கூடவே இருப்பேன்” என்று ஜெசியிடம் சத்தியம்.

போனை எந்த பெஞ்சில் வைப்பது என்று ஜெசி இப்போதே படம் போட்டுவிட்டாள்.

ஜூலை 9, புதன்

தினேஷ் வந்தார். வெப்சைட் செய்து கொடுப்பவர், பாளையங்கோட்டைக்காரர். வந்ததும் வராததுமாக அளவு பற்றிப் பாடம்.

“யக்கா, ஒவ்வொரு படமும் பதினெட்டு எம்பி இருக்கு. ஆயிரத்து அறுநூறு பிக்சலுக்குக் கொறச்சிருவோம். இருநூறு கேபிக்குள்ள அடங்கிரும். பாக்குதவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஒன்றும் தெரியாதாம்! எனக்குத் தெரியும். சங்கு குளிக்கிறவர் தண்ணீருக்கு மேல் தலை தூக்குகிற படம். அவர் முகத்துக் கண்ணாடியில் படகு தெரியும், படகில் காமிராவோடு நிற்கிற நான் தெரிவேன். அந்தப் படகில் மூன்று முறை வாந்தி எடுத்தேன். தினேஷ் சின்னதாக்கிக் காட்டியதில் கண்ணாடி இருக்கிறது, நான் இல்லை. ஒரு கறுப்புப் புள்ளி.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டு:
முகப்பு – 1920
உள்ளே – 1600
போனுக்கு – 800
சின்னக் கட்டம் – 400

நானூறு! ரேஷன் கார்டில் ஒட்டுகிற படம்.

சீட்டைக் கிழித்துப் போட்டேன். எடுத்தபடி ஆறாயிரம். நாற்பதும் ஒரே பக்கத்தில், இழுக்க இழுக்க வர வேண்டும். ஒரு பிக்சல் குறையக் கூடாது.

“தொறந்த உடனே நாப்பதும் சேந்து இறங்க ஆரம்பிச்சிரும்க்கா. எழுநூறு எம்பி. நெட்டு மெதுவா இருக்கவங்க என்ன செய்வாங்க?”

“நெட்டு இல்லாதவன் பாக்க வேண்டாம்ல” என்றேன்.

தினேஷ் எழுந்துவிட்டார். டீயையும் பாதியில் வைத்துவிட்டுப் போனார். போகட்டும்.

ஜூலை 11, வெள்ளி

வெப்சைட் வந்துவிட்டது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் திறந்தேன். தடங்கலே இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. உப்பள அம்மாவின் பாத வெடிப்பு, வலைக் கண்ணி, கயிற்றில் பிரிந்த நார். கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

எல்லாருக்கும் லிங்க் அனுப்பினேன். முதலில் செல்வினுக்கு. “ஒண்ணு விடாமப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

கவுன் கை இப்போது லூஸ். அந்த டெய்லருக்கு அளவு நாடா எதற்கு.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஒத்திகை. சிஸ்டர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நடக்க விட்டார். ஜெசி மெழுகுவத்தியைச் சாய்த்தே பிடிக்கிறாள். “நேராப் பிடி பிள்ள, மெழுகு கவுன்ல சொட்டும்.”

வெப்சைட்டுக்கு வந்த பதில்கள்:
– போன மாதக் கல்யாணப் பெண்ணின் அண்ணன்: “மேடம், சுத்திக்கிட்டே இருக்கு.”
– டெய்லர்: “ஒரு கால் வந்துச்சு. யாருக்க காலு?”
– கோயிலில் பக்கத்து வீட்டு மேரியக்கா: “ஏளா, மேல் பாதி வானம் மட்டுந்தான் வருது. நானும் சோறு வடிச்சிட்டு வந்து பாத்தேன், அங்கனயே நிக்கி.”

போனை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன். பொறுமையாகப் பார்க்க ஒருத்தருக்கும் முடியவில்லை. அரைமணி நேரம் ரீல்ஸ் பார்க்கத் தெரிகிறது.

செல்வினிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நீல டிக் விழுந்து இரண்டு நாள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்னும் இல்லை.

எண்ணிப் பார்க்கிறேன். யார் யாரோ சமைக்கிற வீடியோவுக்கெல்லாம் இதயம் போடுகிற மனுஷன். கப்பலில் ஒருவன் கேக் வெட்டினால் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிற மனுஷன். என் பதினைந்து வருடத்தை ஒரு பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் “நல்லாருக்கு” என்ற ஒரு சொல்லுக்குப் பஞ்சம். பார்த்தாரா, பார்க்காமலே தள்ளிவிட்டாரா?

ஒரு மெசேஜ் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி அனுப்பினேன்: “உங்களுக்கு இது ஒரு வேலையாவே தெரியல, இல்ல?”

ஒரு டிக்.

சிலிண்டர் வந்தது.

ஜூலை 17, வியாழன்

தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ். “அக்கா, ரியாஸ். காயல்பட்டினம். அண்ணன்கூட இதே கப்பல்ல இருக்கேன். அண்ணன் நல்லா இருக்காங்க. நெட்தான் கொஞ்சம் பிரச்சினை. கோவப்படாதீங்க.”

தூது விடுகிறாராம்! பெண்டாட்டிக்கு இரண்டு வரி எழுத ஊராள் வேண்டியிருக்கிறது. கார்டைக் கிரிக்கெட் பார்த்துத் தீர்த்திருப்பார், சொல்ல வெட்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யப் போகிறார்? அந்தப் பிள்ளை முகத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கொதிக்கிறது எனக்கு.

ஜெசியிடம் சொல்லவில்லை. கேட்டாள். “அப்பா வருவாங்க” என்றேன்.

தினேஷ் போன் செய்தார். “யக்கா, ஒரு தடவை கொறச்சுப் போட்டுப் பாப்பமா?” வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இன்றைக்கு யார் குரலும் பிடிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு, மதியம்

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாரிடமாவது கத்திவிடுவேன்.

முதல் பெஞ்சில் சின்ன ஸ்டாண்ட், அதில் என் போன், திரை பீடத்தைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்து. ஜெசி சொன்ன இடம். பூசை தொடங்கியது. போன் கறுப்பாகவே இருந்தது. பிரசங்கம், காணிக்கை, எல்லாம் முடிந்தது. நன்மை வாங்க வரிசையில் வந்தபோது அவள் சாமியாரைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மெழுகுவத்தி சாய்ந்தே இருந்தது. கவுனில் மூன்று சொட்டு.

நான் படம் எடுத்தேன்.

வீட்டில் பிரியாணிக்கு இலை போடும்போது ரியாஸ் எண்ணிலிருந்து மெசேஜ். எழுதியது செல்வின். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன், நான் மறக்கக் கூடாது.

“ஏளா, ரியாஸ் போன்ல இருந்து எழுதுதேன். நீ அனுப்பின அன்னைக்கே தொறந்துட்டேன். ஏழு படம் முழுசா வந்துச்சு. எட்டாவது பாதியில நின்னுட்டு. அதுக்குள்ள கார்டு காலி. புதுசு வாங்கலாம்னு கேப்டன்ட்ட கேட்டேன், கப்பல்ல கார்டே இல்லங்காரு. இனி ஒண்ணாந்தேதிதான். சொன்னா நீ மனசு ஒடிஞ்சிருவன்னு சொல்லல. ஏழாவது படத்துல அந்தக் கண்ணாடிக்குள்ள நீ நிக்க. பெருசாக்கிப் பாத்தேன். தலைமுடி பறக்கது வரைக்கும் தெரியுது. போன்ல எடுத்து வச்சிருக்கேன், தெனமும் பாக்கேன். ரியாஸ் பொண்டாட்டிக்கு இது பேறுகால மாசம், அவன் கார்ட நான் தொடக் கூடாது. பிள்ள படம் ஒண்ணே ஒண்ணு அனுப்பு. சின்னதா அனுப்பு.”

நெட்டு இல்லாதவன் பார்க்க வேண்டாம் என்று சொன்ன வாய் இது. பதினாறு வருடமாகக் கப்பல்காரன் பெண்டாட்டி. கார்டு என்றால் என்ன, எத்தனை நாளைக்கு வரும் என்று இந்தத் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு பதினெட்டு எம்பியாக அவர் தலையில் கொட்டியிருக்கிறேன். ஜெசியின் அப்பாவை நானேதான் வரவிடாமல் செய்தேன். அதோடு விட்டேனா, திட்டி வேறு மெசேஜ். அது இன்னும் ஒற்றை டிக்கில் நிற்கிறது. அதையாவது அழித்தேன்.

ஜெசியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கவுன் மெழுகை நகத்தால் சுரண்டினாள். பிறகு, “அப்பா வரமாட்டேன்னு சொல்லல, அப்படித்தானம்மா?” என்றாள். ஆமா என்றேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருவரும். இருநூற்றுப் பதினொரு படத்தில் ஒன்று. சாய்ந்த மெழுகுவத்தியோடு அவள் நேராகப் பார்க்கிற படம். 1600 வைத்தேன். கனம். 800. இன்னும் கனம். சுற்றி நின்ற பிள்ளைகளை வெட்டினேன், தூணை வெட்டினேன். முகம், தலையில் வெள்ளை நெட்டு, சுடர் மட்டும்.

400. முப்பத்தொரு கேபி.

கவுனில் விழுந்த மெழுகுச் சொட்டு தெரியவில்லை. இமை தெரியவில்லை.

“எம்மா, இதுல நான் இத்தினிக்காணு இருக்கேன். அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும் பிள்ள.”

ரியாஸ் எண்ணுக்கு அனுப்பினேன். பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு டிக்.